ஒரே வீட்டுக்கு எத்தனை விலை? – கோர்ட் வாசலில் நடக்கும் மதிப்புக் கூத்து

"மதிப்பைக் கம்மியாப் போட்டுடலாம் சார், கோர்ட் ஃபீஸ் மிச்சம்."

ஊரில் பூர்வீக வீடு, மும்பையிலோ தில்லியிலோ வேலை என்று இருக்கிற நம்மவர்களில், சொத்து வழக்கு என்று வக்கீலைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருக்கும். லட்சக்கணக்கில் கட்ட வேண்டியது சில நூறு ரூபாயில் முடிகிறது என்றால் யாருக்குக் கசக்கும்?

இந்தப் பதிவு அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைக்கிற சட்டத்துக்கும் எதிரானது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம்.

சிவில் நடைமுறைச் சட்டம் 1908-ல் வந்தது. அதன் 6-வது பிரிவுப்படி ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒரு பண வரம்பு உண்டு. அதைத் தாண்டிய வழக்கை அந்தக் கோர்ட் எடுக்கக் கூடாது. 15-வது பிரிவு, விசாரிக்கும் தகுதியுள்ள கோர்ட்டுகளில் எது கீழ்நிலையில் இருக்கிறதோ அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்கிறது. 16-வது பிரிவுப்படி நிலம், வீடு சம்பந்தப்பட்ட வழக்கைச் சொத்து இருக்கிற ஊரில்தான் போட வேண்டும். அதாவது மாட்டுங்காவில் குடியிருந்தாலும் மன்னார்குடி வீட்டுக்கு மன்னார்குடிப் பக்கம்தான் போக வேண்டும். அங்கே முன்சீப் கோர்ட்டா, சப் கோர்ட்டா, ஜில்லா கோர்ட்டா என்பதை முடிவு செய்வது பிராதில் நாம் எழுதுகிற சொத்து மதிப்பு. கோர்ட் கட்டணத்தையும் பெரும்பாலும் அதே மதிப்புதான் முடிவு செய்கிறது.

நியாயமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பெரிய சொத்துக்குப் பெரிய கோர்ட், சின்ன சொத்துக்குச் சின்ன கோர்ட். சிக்கல் 'மதிப்பு' என்ற சொல்லில் இருக்கிறது.

வங்கியில் வீட்டுக் கடன் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். வங்கிக்காக மதிப்பீட்டாளர் ஒரு வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுத்தால் அதிலேயே மூன்று விலை இருக்கும்: சந்தை விலை, கைக்கு வரக்கூடிய விலை, அவசரமாக விற்றால் கிடைக்கும் விலை. பக்கத்திலேயே அரசு வழிகாட்டி மதிப்பு என்று நான்காவதாக ஒன்று. எங்களுக்கு அது பரவாயில்லை. எதை எதற்குப் பயன்படுத்துவது என்று விதி இருக்கிறது. கோர்ட் விஷயத்தில்தான் கதை வேறு.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு நகரத்தில் ஒரு வீடு. இன்றைய சந்தை விலை 80 லட்சம். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்குகள் மதிப்பீட்டுச் சட்டம், 1955-ஐக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். கட்டண விகிதம் முன்பு 7.5 சதவீதம், 2017-ல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள்.

1. வீடு எனக்குச் சொந்தம் என்று விளம்பி, ஸ்வாதீனமும் வாங்கித் தரக் கேட்டால் (25-வது பிரிவு) முழுச் சந்தை மதிப்பு. 80 லட்சம். கட்டணம் 2,40,000.

2. சொந்தம் என்று விளம்பி, எதிராளி உள்ளே வராமல் தடை மட்டும் கேட்டால் (அதே பிரிவின் வேறு உட்பிரிவு) பாதி மதிப்பு. 40 லட்சம். கட்டணம் 1,20,000.

3. உரிமை பற்றிப் பேசாமல் வெறும் தடை மட்டும் கேட்டால் (27-வது பிரிவு) வாதி பிராதில் போடுகிற மதிப்பே போதும். சில ஆயிரம் என்று எழுதலாம். கட்டணம் நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் நின்றுவிடும்.

4. நான்கு பேரில் ஒருவர் பாகம் கேட்டால் (37-வது பிரிவு) இரண்டு வழி. 'என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்' என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பு, 20 லட்சம், கட்டணம் 60,000. 'கூட்டாக அனுபவிக்கிறோம்' என்றால் ஒரு நிலையான சின்னக் கட்டணம்.

5. ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டால் (40-வது பிரிவு) கணக்கு மாறும். கேரளச் சட்டத்தில் இதே போன்ற பிரிவு குறித்து சதீதேவி – பிரசன்னா வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் சொன்னது: இன்றைய சந்தை விலை இல்லை, பத்திரத்தில் எழுதிய தொகைதான் கணக்கு.

ஒரே வீடு, ஒரே பங்காளிச் சண்டை. ஆனால் மதிப்பு 80 லட்சத்திலிருந்து சில ஆயிரம் வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அது நிற்கிற இடத்தைப் பொறுத்து வழக்கு தாலுகா முன்சீப் கோர்ட்டிலும் இருக்கலாம், பல படி மேலேயும் போகலாம். இதை ஒரு 'மதிப்பீட்டு முறை' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தமிழ்நாடு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கர்நாடகாவில் 1958-ம் வருடச் சட்டப்படி, தீர்வை கட்டுகிற நிலத்துக்கு அந்தத் தீர்வையின் 25 மடங்குதான் கோர்ட் கணக்கில் சந்தை மதிப்பு. பெங்களூரைச் சுற்றி ஏக்கர் கோடிகளில் போகிறது. கோர்ட் காகிதத்தில் அதே ஏக்கர் சில நூறு ரூபாய் பெறும்! விவசாயிக்குச் சலுகை என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் லே-அவுட் போடக் காத்திருக்கிறவருக்கும் அதே சலுகை போய்ச் சேருகிறது.

சரி, குறைத்துப் போட்டால் நமக்கு லாபம்தானே, உனக்கென்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் வருகிறேன்.

மேலே மூன்றாவதாகச் சொன்ன 'வெறும் தடை வழக்கு' இருக்கிறதே, அதுதான் நம்மவர்களுக்கு அதிகம் விற்கப்படுகிற சரக்கு. கட்டணம் இல்லை, கீழ்க் கோர்ட்டிலேயே முடியும், உடனே இடைக்காலத் தடை கிடைக்கும் என்பார்கள். அனதுல சுதாகர் – புச்சி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் உரிமையின் மேலேயே நிழல் விழுந்திருந்தால், அதாவது எதிராளி 'எனக்கும் பத்திரம் இருக்கிறது' என்று நியாயமான கேள்வி எழுப்பினால், வெறும் தடை வழக்கு போதாது. உரிமையை விளம்பக் கேட்டுத்தான் வழக்குப் போட வேண்டும். அந்த வழக்கு வாரங்கல் முன்சீப் கோர்ட்டில் 1978-ல் போடப்பட்டது. 30 வருடம் கழித்து தில்லியில் கிடைத்த பதில் என்ன தெரியுமா? தடை கிடையாது, வேண்டுமானால் உரிமைக்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான்.

கட்டணத்தை மிச்சம் பிடிக்க வழக்கின் வடிவத்தையே மாற்றினால் நடப்பது இதுதான். முதலில் எந்த நிவாரணம் வேண்டும் என்று யோசித்து, அதற்குப் பிறகு மதிப்பைப் போட வேண்டும். இங்கே மதிப்பை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி நிவாரணத்தை வெட்டுகிறோம்.

அடுத்தது எதிராளி கையில் நாமே கொடுக்கிற ஆயுதம். தமிழ்நாட்டுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, மதிப்பு குறைவாகப் போட்டிருக்கிறது என்று பிரதிவாதி ஆட்சேபிக்கலாம். சாட்சி விசாரணைக்கு முன்னால் கோர்ட் அதை முடிவு செய்ய வேண்டும். காகிதத்தில் நல்ல விதி. நடைமுறையில் என்ன ஆகிறது? ஆட்சேபணை மனு, அதற்குப் பதில் மனு, கமிஷனர் வந்து பார்ப்பது, உத்தரவு, அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. வீடு யாருக்கு என்ற கேள்விக்கு வருவதற்கு முன்பே, வீடு எவ்வளவு என்பதில் வருடங்கள் ஓடிவிடும்.

உள்ளூரில் அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறவருக்கு இந்த வருடங்கள் லாபம். வாடகை அவருக்கு, தென்னை மரத்துக் காய் அவருக்கு. நமக்கோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் தட்கல் டிக்கெட், லீவு லெட்டர், மேனேஜர் முறைப்பு. மதிப்புச் சண்டை இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. ஊரில் இல்லாதவனுக்குத்தான் கூட வலிக்கும்.

ஆட்சேபணை ஜெயித்துவிட்டால் இன்னும் மோசம். கோர்ட்டின் வரம்பைத் தாண்டியது என்று தெரிந்தால், ஆர்டர் 7, ரூல் 10-ன்படி பிராதைத் திருப்பிக் கொடுப்பார்கள், சரியான கோர்ட்டில் போடு என்று. அங்கே போனால் விட்ட இடத்திலிருந்து தொடருமா? தொடராது. எக்ஸெல் கேரியர்ஸ் – ஃப்ராங்க்ஃபின் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னது: திருப்பிக் கொடுக்கப்பட்ட பிராது புது கோர்ட்டில் முதலிலிருந்துதான் தொடங்கும். அந்த வழக்கு ஊர் எல்லை பற்றியது, பண வரம்பு பற்றியது அல்ல. ஆனால் திருப்பிக் கொடுக்கும் விதி இரண்டுக்கும் ஒன்றே. காலாவதிச் சட்டத்தின் 14-வது பிரிவு, நல்லெண்ணத்தில் தவறான கோர்ட்டில் கழித்த காலத்தைக் கழித்துக்கொள்ள விடும். நம் வயதைக் கழித்துக்கொள்ள எந்தப் பிரிவும் இல்லை :-(

சட்டம் இந்த விளையாட்டைத் தடுக்கவே முயலவில்லை என்று சொல்ல மாட்டேன். முயன்றிருக்கிறது. 1887-ம் வருட வழக்குகள் மதிப்பீட்டுச் சட்டத்தின் 11-வது பிரிவும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-வது பிரிவும் சொல்வதன் சாரம்: மதிப்பு தப்பு என்ற ஆட்சேபணையை ஆரம்பத்திலேயே, எழுவினாக்கள் வனைவதற்குள் கிளப்ப வேண்டும், அப்படிக் கிளப்பாமல், அதனால் நியாயம் கெட்டது என்றும் காட்டாமல், அப்பீலில் வந்து தீர்ப்பை உடைக்க முடியாது.

இதற்கு மூலமான வழக்கு கிரண் சிங் – சமன் பாஸ்வான் (1954). பீகாரில் ஒரு நிலத் தகராறு. வாதிகள் பிராதில் போட்ட மதிப்பு 2,950 ரூபாய். கீழ்க் கோர்ட்டில் தோல்வி, ஜில்லா கோர்ட்டில் அப்பீலிலும் தோல்வி. பாட்னா உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது கட்டணக் கணக்கில் உண்மை மதிப்பு 10,000-க்குப் பக்கம் என்று தெரிந்தது. உடனே அதே வாதிகள், 'அப்படியானால் எங்கள் அப்பீல் நேராக உயர் நீதிமன்றத்துக்கு அல்லவா வந்திருக்க வேண்டும், ஜில்லா கோர்ட் தீர்ப்பு செல்லாது' என்று வாதாடினார்கள். குறைத்துப் போட்டவர்களும் அவர்களே, அதைக் காட்டித் தோற்ற தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டவர்களும் அவர்களே! உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கவனியுங்கள்: உச்ச நீதிமன்றம் கதவை மூடியது அப்பீலில்தான். முதல் கோர்ட்டில், ஆரம்பக் கட்டத்தில், அந்தக் கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. சண்டை முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

வரம்பு நிர்ணயிக்கும் லட்சணத்தையும் பார்ப்போம். மும்பை சிட்டி சிவில் கோர்ட்டின் வரம்பு 2012 வரை 50,000 ரூபாய். படித்தது சரிதான், ஐம்பதாயிரம். இந்த ஊரில் அந்தக் காசுக்குக் குளியலறைக் கதவுதான் மிஞ்சும். அதற்கு மேல் மதிப்புள்ள எல்லாம் உயர் நீதிமன்றம். 2012-ல் 1 கோடி ஆக்கினார்கள். 2024 ஜனவரியில் ஒரே தாவலில் 10 கோடி. தில்லியில் 20 லட்சம் என்பது 2015 அக்டோபரில் 2 கோடி ஆனது. நிலுவையில் இருந்த வழக்குகளும் மூட்டை மூட்டையாக உயர் நீதிமன்றத்திலிருந்து ஜில்லா கோர்ட்டுகளுக்குப் போயின. சென்னையில் 25 லட்சமாக இருந்தது 1 கோடி ஆனது. பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட்டுக்கோ மேல் வரம்பே இல்லை. வானம் இடிந்து விழவில்லையே?

இதிலிருந்து எனக்குப் புரிவது ஒன்றுதான். எந்தத் தொகைக்கு மேல் போனால் எந்த நீதிபதி தேவை என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. நிலத்தின் விலை வருடா வருடம் ஏறும். வரம்பு, அரசுக்கு நினைவு வரும்போது ஏறும். நடுவில் மாட்டிக்கொள்கிறவர் வாதி.

'மதிப்பு கூடிய வழக்கு சிக்கலானது, அதற்கு அனுபவமுள்ள நீதிபதி வேண்டும்' என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. மூன்று சென்ட் பாதைத் தகராறில் நான்கு தலைமுறைப் பத்திரமும் மூன்று சர்வேயும் இருக்கும். பத்து கோடி பங்களாவில் வாடகைதாரரைக் காலி செய்யும் வழக்கு ஒரே ஒப்பந்தத்தில் முடியும். விலை என்பது சிக்கலின் அளவுகோல் இல்லை.

சரி, வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. நம் நாட்டிலேயே இருக்கிறது.

எங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி கடனை வசூலிக்கக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக, பாக்கி 20 லட்சமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் (2018 செப்டம்பர் வரை 10 லட்சம்). அந்தத் தொகை லெட்ஜரில் இருக்கிறது. அடமானச் சொத்து என்ன விலை என்று, எந்தக் கோர்ட் என்பதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. வங்கி வழக்குப் போட்டால் எழுதி வைத்த எண். சாதாரண மனுஷன் தன் வீட்டுக்கு வழக்குப் போட்டால் ஊகம். இது என்ன நியாயம்?

நுகர்வோர் சட்டம் இன்னும் நல்ல உதாரணம். பழைய சட்டத்தில் பொருளின் மதிப்பு, கேட்கிற நஷ்ட ஈடு எல்லாம் கூட்டி எந்த ஆணையம் என்று பார்த்தார்கள். ஃபிளாட் கேஸ்களில் எதைக் கூட்டுவது, எதை விடுவது என்று தேசிய ஆணையம் 2016-ல் பெரிய அமர்வு வைத்தே முடிவு சொல்ல வேண்டியிருந்தது. 2019-ம் வருடச் சட்டம் இதை மாற்றியது: பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை எவ்வளவு என்பது மட்டும்தான் கணக்கு. 2021 டிசம்பர் விதிகளின்படி 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசிய ஆணையம். ரசீதைப் பார்த்தால் விடை தெரியும். இது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதியும் செய்துவிட்டது.

சொத்து வழக்குக்கும் இதையே செய்யலாம். நான் கேட்பது நான்குதான்.

ஒன்று: எந்தக் கோர்ட் என்பதை மட்டும், வழக்குப் போடும் தேதியில் அரசு வெளியிட்டிருக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்து முடிவு செய்யுங்கள். வழிகாட்டி மதிப்பு உண்மையான சந்தை மதிப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2003-ல் டான்சி நில வழக்கில் சொல்லியிருக்கிறதே என்று கேட்கலாம். சொல்லியிருக்கிறது, சரியும்கூட. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொள்ள உண்மை விலை எதற்கு? இரண்டு பக்கமும் மறுக்க முடியாத ஓர் எண் போதும். பின்கோடு மாதிரி.

இரண்டு: கட்டணத்தையும் கோர்ட் வரம்பையும் பிரித்து விடுங்கள். இரண்டும் ஒரே எண்ணில் தொங்குவதால்தான் கட்டணம் குறைக்க நினைப்பவர் கோர்ட்டையும் மாற்றுகிறார். கட்டணத்துக்கு உச்சவரம்பும் வையுங்கள். மகாராஷ்டிரத்தில் 2018 முதல் 10 லட்சம் என்று ஒரு வரம்பாவது இருக்கிறது.

மூன்று: மதிப்பு தப்பு என்று முடிவானால், கட்டை மொத்தமாக அடுத்த கோர்ட்டுக்கு மாற்றுங்கள். பிராதை வாதி கையில் திருப்பிக் கொடுத்து முதலிலிருந்து ஓடவிடாதீர்கள்.

நான்கு: வரம்பைச் சில வருடங்களுக்கு ஒருமுறை தானாகவே திருத்த விதி செய்யுங்கள்.

சட்டம் மாறும்வரை நாம் என்ன செய்வது? பவர் கொடுத்துவிட்டு 'அண்ணன் பார்த்துக்குவார்' என்று இருக்காதீர்கள். பிராதின் கடைசிப் பக்கங்களில் மதிப்பீட்டுப் பத்தி ஒன்று இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைப் படியுங்கள். எந்தப் பிரிவு, எந்த எண், ஏன் என்று வக்கீலிடம் கேளுங்கள். வழிகாட்டி மதிப்பு நகலை முதல் நாளே பிராதோடு இணைக்கச் சொல்லுங்கள்.

பாகப்பிரிவினை என்றால் இன்னொன்று. 'நீங்கள் ஊரில் இல்லை, அதனால் ஸ்வாதீனம் இல்லை, முழுக் கட்டணம் கட்டு' என்று எதிராளி சொன்னால் மிரள வேண்டாம். நீலாவதி – நடராஜன் வழக்கில் (1980) உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 37-வது பிரிவையே எடுத்துச் சொன்னது: ஒரு பங்குதாரர் ஸ்வாதீனத்தில் இருந்தால் சட்டப்படி மற்றவர்களும் இருப்பதாகத்தான் அர்த்தம், வெளியேற்றப்பட்டதாகப் பிராதே சொன்னால் ஒழிய. பிழைப்புக்கு மும்பை வந்ததால் வீட்டில் பங்கும் ஸ்வாதீனமும் போய்விடாது. அதே சமயம், உண்மையிலேயே பூட்டைப் போட்டு வெளியே தள்ளியிருந்தால் அதை மறைத்துக் 'கூட்டு அனுபவம்' என்று எழுதவும் கூடாது. அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் எதிராளி ஆரம்பிப்பார்.

மிச்சம் பிடித்த கோர்ட் ஃபீஸ் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர்கள், போன வருடங்களின் வாடகையையும் ரயில் டிக்கெட்டையும் அதே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து எந்தக் கிளையிலும் அந்தக் கணக்கு டேலி ஆகாது.

டிஸ்கி: நான் பி.காம். படித்த வங்கிக்காரன், வக்கீல் இல்லை. சொந்த வழக்குக்கு உங்கள் ஊர் வக்கீலைக் கேட்டுக்கொள்ளவும். கேட்கும்போது மேலே சொன்ன கேள்விகளோடு போகவும்.